நான்கு மீட்டருக்குள் ஒரு டர்போ: ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் வாங்கினால் லாபம் எங்கே, செலவு எங்கே?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன்பு வரியும் செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதம். 10 லட்ச ரூபாய்க்கு விற்ற கார் ஏறக்குறைய 9.15 லட்சத்துக்கு வந்தது. இதனால், 'கொஞ்சம் அதிகம்' என்று பலரும் ஒதுக்கி வைத்திருந்த டர்போ ஹேட்ச்பேக்குகள் மறுபடியும் கணக்குக்குள் வந்தன. அதே சமயம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு காரை வாங்கலாமா என்ற கேள்விக்கு, காரின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இங்கே ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் என்று குறிப்பிடுவது, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரில் வழக்கத்தைவிட வலுவான இன்ஜினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் வைத்து விற்கும் வகை. ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ரோஸ் ரேசர், விற்பனையிலிருந்து போய்விட்ட ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, மாருதி பலேனோ ஆர்எஸ், ஃபியட் அபார்த் புன்டோ எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதில் ஐ20 நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது.

இன்ஜினின் அளவைத் தீர்மானித்தது வரிச் சட்டம்

இந்தியாவில் பெட்ரோல் கார் ஒன்று 'சிறிய கார்' ஆக வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகள்: நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, இன்ஜின் 1,200 சி.சி.யைத் தாண்டக் கூடாது. ஒன்றில் தவறினாலும் இப்போதைய வரி 40 சதவீதம்.

ஐரோப்பாவில் இந்த வேலி கிடையாது. 1976-இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ-யில் 1.6 லிட்டர் இன்ஜின், 110 பி.எஸ். (குதிரைத்திறனின் அலகு) திறன். அங்கே விற்ற ஐ20 'என்' காரில் 1.6 லிட்டர் டர்போ, 204 பி.எஸ். இங்கே நாம் வாங்குவது ஐ20 'என் லைன்': 998 சி.சி., மூன்று சிலிண்டர், 120 பி.எஸ். பெயரில் ஒரு சொல்தான் கூடுதல். திறனில் 84 பி.எஸ். குறைவு. யூடியூபில் 'என்' காரின் வீடியோவைப் பார்த்துவிட்டு 'என் லைன்' முன்பதிவு செய்கிறவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலியை மதிக்காமல் வந்தவற்றின் கதி தெரிந்ததே. 2015-இல் வந்த அபார்த் புன்டோவின் இன்ஜின் 1,368 சி.சி.; 145 பி.எஸ். இருந்தும் சிறிய கார் சலுகை கிடைக்கவில்லை. 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ முழு காராகவே இறக்குமதியாகி 53 லட்சத்துக்கு வந்தது, அதுவும் முதல் தவணையாக 150 கார்கள்தான்.

ஆக, நடுத்தரக் குடும்பம் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் வேகமான ஹேட்ச்பேக் வேண்டுமென்றால், சிறிய இன்ஜினுக்குள் டர்போ என்ற சுழலியால் காற்றைத் திணிப்பது ஒன்றே வழி. இந்த வகைக் காரின் நன்மைகளில் பெரும்பகுதி அந்தத் திணிப்பால் வருவது. தலைவலிகளில் பெரும்பகுதியும் அங்கிருந்தே கிளம்புகிறது.

டர்போ என்ன தருகிறது

முதலில் இரண்டு சொற்கள். முறுக்குவிசை என்பது சக்கரத்தைத் திருகும் பலம். நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். குதிரைத்திறன் என்பது அந்தத் திருகல் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது. முறுக்குவிசையை இன்ஜின் சுற்றால் (நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதால்) பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பி.எஸ். கணக்கில் திறன் வரும்.

இதே ஐ20-யின் சாதாரண 1.2 லிட்டர் இன்ஜினுக்கு அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 115, அதுவும் 4,200 சுற்றில். டர்போவுக்கு 172, 1,500 சுற்றிலேயே முழுவதும் வந்து 4,000 வரை நிற்கிறது. 2,000 சுற்றில் இரண்டையும் ஒப்பிடுங்கள். டர்போ தருவது 49 பி.எஸ். சாதாரண இன்ஜினின் உச்சமே 115 என்பதால், அந்தச் சுற்றில் அது 33 பி.எஸ்.ஸைத் தாண்ட வழியே இல்லை.

இருவழிச் சாலையில் 60-இல் போகும் பேருந்தின் பின்னால் மாட்டிக்கொண்டால்தான் இந்த வித்தியாசம் உறைக்கும். சாதாரண இன்ஜின்காரர் ஐந்திலிருந்து மூன்றாம் கியருக்கு இறக்கி, இன்ஜினை அலறவிட்டு ஏற வேண்டும். டர்போவில் ஒரு கியர் இறக்கினால் போதும். எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறைகிறது. நான்கு பேரும் சாமான்களும் ஏசியுமாகக் கொல்லிமலையோ ஏற்காடோ ஏறும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். 0-விலிருந்து 100 எத்தனை வினாடி என்பதைவிட இதுதான் தினமும் கைகொடுக்கும் லாபம்.

மற்ற நன்மைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காம்பாக்ட் எஸ்யூவியைவிட உயரம் குறைவு என்பதால் வளைவில் குறைவாகச் சாய்கிறது. என் லைனில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 311 லிட்டர் டிக்கி ஒரு சிறிய குடும்பத்தின் ஊர்ப் பயணத்துக்குப் போதும். தெருவோரத்தில் எளிதாக நிறுத்தலாம். பாதுகாப்பை மட்டும் மாடல் வாரியாகப் பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அல்ட்ரோஸ் 2020-இல் 5 நட்சத்திரம் பெற்றது. இரண்டு ஏர்பேக் மட்டும் இருந்த ஐ20 2022-இல் 3 நட்சத்திரம். 2023-இல் வந்த புதுப்பிப்பில் ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் சேர்ந்தன.

ஒரு குறையும் உண்டு. 1,500 சுற்றுக்குக் கீழே டர்போ இன்னும் விழித்திருக்காது. வேகத்தடை தாண்டி இரண்டாம் கியரிலேயே மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று இழுக்கும். முதல் வாரத்தில் முன்னால் போகும் ஆட்டோவை இடிக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வேகத்தடையில் முதல் கியருக்கு இறங்கப் பழகிக்கொள்வதுதான் தீர்வு.

சூடு

டர்போவின் சுழலி நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு அருகில் சுழலக்கூடியது. அதன் ஒரு பக்கம் 900 டிகிரியை எட்டும் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவே உள்ள தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். சிறிய இன்ஜின் என்பதால் மொத்த ஆயிலே மூன்றரை லிட்டர் அளவுதான். அது படும் பாட்டிலிருந்து நான்கு பிரச்சினைகள் முளைக்கின்றன.

1. ஆயில் கருகுதல். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து, சுங்கச்சாவடி ஓரத்து டீக்கடையில் நிறுத்தியவுடன் சாவியை அணைத்தால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தண்டைச் சுற்றி நின்ற ஆயில் கரியாகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவது சிறந்த மருந்து. முடியாவிட்டால் நிறுத்தியபின் 30 முதல் 60 வினாடி இன்ஜினை ஓடவிடுங்கள். ஊருக்குள் சாதாரணமாக ஓட்டி வந்தால் இது தேவையில்லை.

2. குறைந்த சுற்றில் முன்கூட்டியே எரிதல். மைலேஜுக்காக ஐந்தாம் கியரில் 1,200 சுற்றில் தவழ்ந்துகொண்டு, முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது நடப்பது. ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே, சிலிண்டருக்குள் தெறித்த ஆயில் துளி எரியத் தொடங்கிவிடுகிறது. தீவிரமானால் பிஸ்டனே உடையும். தடுக்க இரண்டு வழி: கியரை இறக்கி, 2,000 சுற்றுக்கு மேல் போனபின் மிதிப்பது, ஏ.பி.ஐ. எஸ்.பி. (API SP) தர ஆயில் மட்டும் ஊற்றுவது. 2020-இல் அறிமுகமான இந்தத் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. மெக்கானிக் கடை டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் ஆயில் இந்த இன்ஜின்களுக்கு ஆகாது.

3. வால்வில் கரி. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் உள்வரும் வால்வின்மேல் பெட்ரோல் படுவதில்லை, கழுவ ஆளில்லை. ஆயில் ஆவி அங்கே படிந்து கெட்டியாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுக்கம், மேட்டில் மந்தம் ஆகியவை அறிகுறிகள். பெட்ரோல் தொட்டியில் ஊற்றும் கிளீனர் பாட்டில் அந்த வால்வைத் தொடவே போவதில்லை என்பதால் அது வீண். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் சரியான முறை. ஐ20 என் லைன் நேரடிப் பீய்ச்சல் வகை. அல்ட்ரோஸ் ரேசரின் 1.2 டர்போ பழைய முறையில் வால்வுக்கு முன்பே பெட்ரோலைத் தூவுவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

4. வெயில். டர்போ அழுத்தும் காற்று சூடாகும். அதைக் குளிர்விக்க முன்பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் இருக்கிறது. சென்னையின் மே மாத மதியத்தில், நகராத நெரிசலில் அதுவே சூடேறி நிற்கும்போது, கணினி இன்ஜினைக் காப்பாற்ற இழுவையைக் குறைக்கிறது. 'நேற்று ராத்திரி பறந்த வண்டி இன்று சோம்புகிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். இன்டர்கூலரில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் மட்டும் கழுவச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்ற 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று கையேடு சொல்லும். தினமும் நெரிசலில் ஓடும் காரில் கிலோமீட்டர் குறைவாகவும் இன்ஜின் ஓடிய நேரம் அதிகமாகவும் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் 7,000-க்கும் 7,500-க்கும் இடையில் மாற்றிவிடுவது செலவல்ல, சேமிப்பு. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியை உருவிப் பார்க்கும்போது அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், குறுந்தூர ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸ்: மேனுவலா, டிசிடி-யா?

டிசிடி என்பது இரட்டைக் கிளட்ச். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு. மற்றொன்று 2, 4, 6-க்கு. அடுத்த கியர் தயாராகக் காத்திருப்பதால் மாற்றம் கண் சிமிட்டும் நேரத்தில் நடக்கிறது. திறந்த சாலையில் இதற்கு நிகரில்லை.

சிறிய கார்களில் வருவது பெரும்பாலும் உலர் வகை. கிளட்ச் தட்டைக் குளிர்விக்க ஆயில் கிடையாது, காற்றுதான். மேம்பாலச் சரிவில் நெரிசல். முன்னால் இருப்பவர் ஒரு அடி நகர்ந்ததும் நீங்களும் ஒரு அடி நகர்கிறீர்கள். பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே காரை மேட்டில் பிடித்து வைக்கிறீர்கள். இந்த ஒவ்வொரு நொடியும் கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கிறது. சில நிமிடத்தில் கியர்பாக்ஸ் சூடேறிவிட்டது என்ற எச்சரிக்கை மீட்டரில் வரும். அப்போது ஓரமாக நிறுத்தி, 'பி'-யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் சில நிமிடம் விட வேண்டும். தவிர்க்க வேண்டுமானால் ஒன்றே ஒன்று: மேட்டில் பிரேக்கில்தான் நிற்க வேண்டும், முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழுந்தபின் ஒரே மூச்சாக நகர வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

முதலிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது உடம்பு அதிர்கிற மாதிரி நடுங்கினால் கிளட்ச் தேய்கிறது. மாற்றும் செலவு சாதாரண கிளட்ச் செலவைப்போல் பல மடங்கு. தினமும் சென்னையின் ஜிஎஸ்டி சாலையிலோ ஓஎம்ஆரிலோ ஒரு மணி நேரம் ஊர்ந்து போகிறவருக்கு உலர் டிசிடி பொருத்தமான பெட்டி அல்ல. மேனுவல் காலை வலிக்க வைக்கும், ஆனால் எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் வேண்டியே ஆக வேண்டுமானால், உரசும் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை நல்லது. போலோ ஜிடி-யே 2020-இல் ஏழு கியர் இரட்டைக் கிளட்சை விட்டுவிட்டு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டருக்கு மாறியது.

டயர்

என் லைனின் டயர் 195/55 ஆர்16. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் 107 மி.மீ. சாதாரண ஐ20-யில் வரும் 185/65 ஆர்15-க்கு இது 120 மி.மீ. வெறும் 13 மி.மீ. வித்தியாசம். ஆனால் விளிம்பு கூர்மையான பள்ளத்தில் 50-இல் இறங்கும்போது ரிம்முக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் நடுவில் டயர் நசுங்குவதை அந்த 13 மி.மீ. தடுத்திருக்கும். நசுங்கினால் உள்ளே நூல் அறுந்து பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைக்கும். பக்கச்சுவர்ப் புடைப்பை ஒட்ட முடியாது; டயரை மாற்றத்தான் வேண்டும். அலாய் ரிம்மின் உள்விளிம்பு வளைந்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. 80-க்கு மேல் ஸ்டீயரிங் உதறினால் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.

சாதாரண காப்பீட்டில் டயருக்கு மட்டும் சேதம் என்றால் பணம் வராது. காரும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் 50 சதவீதம். டயர் பாதுகாப்பு என்ற துணைக் காப்பீடு வீண் செலவில்லை என்று சொல்லத்தக்க சில கார்களில் இதுவும் ஒன்று.

சாலை மோசமான ஊரில் இருப்பவர்கள் 15 அங்குலத்துக்கு இறங்கலாமா? 195/55 ஆர்16-இன் மொத்த விட்டம் 621 மி.மீ.; 185/65 ஆர்15-க்கும் கிட்டத்தட்ட அதே. எனவே வேகமானி தவறாகக் காட்டாது. பிரேக் காலிப்பரில் ரிம் உரசாமல் சுழல்கிறதா என்று மட்டும் மாட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அழகு கொஞ்சம் குறையும், இடுப்பு பிழைக்கும். இறுக்கமான சஸ்பென்ஷனைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லும் புகாரும் பாதியாகக் குறையும்.

பெட்ரோலும் இ20-யும்

அறிவிக்கப்பட்ட மைலேஜ் 20 கி.மீ.க்கு அருகில் இருக்கும். நகர நெரிசலில் 10, 11 என்பதே நடைமுறை. மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் ஒருவருக்கு 15 கி.மீ. தரும் காரில் 67 லிட்டர் ஆகும். 11 தரும் காரில் 91 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,400 ரூபாய் கூடுதல். தொட்டியும் 37 லிட்டர்தான் என்பதால் பெட்ரோல் பங்குக்கு அடிக்கடி போக நேரும்.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-யில் லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீத ஆற்றல் குறைகிறது. ஏற்கனவே பழகிய இ10-உடன் ஒப்பிட்டால் 3.5 சதவீதம். 11 தந்த கார் இந்தக் கணக்கில் 10.6 தரும். பாதியாகக் குறைந்துவிட்டது என்றால் வேறு கோளாறு இருக்கிறது. மறுபக்கம், எத்தனால் ஆக்டேனை உயர்த்துகிறது. டர்போ இன்ஜினில் தட்டல் ஒலியைத் தடுக்க அது உதவவே செய்யும். கவனிக்க வேண்டியவர்கள் பழைய போலோ, பலேனோ ஆர்எஸ், அபார்த் வைத்திருப்பவர்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் ரப்பர் குழாய்களும் சீல்களும் இ20-க்கென்று அமைந்தவை அல்ல. ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் குழாய்களில் வெடிப்பும் கசிவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

காகிதச் செலவு

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் இன்ஜினின் கொள்ளளவை வைத்துத்தான். திறனை வைத்து அல்ல. 2022 ஜூனில் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 வரை 3,416 ரூபாய். 998 சி.சி. டர்போ குறைந்த படியில் அமர்ந்துகொள்கிறது, மந்தமான 1.2 லிட்டர்காரர் அதிகம் கட்டுகிறார்.

சாலை வரி அந்தச் சிரிப்பைப் பறித்துவிடும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சத்துக்கு 18 சதவீதம். 9.9 லட்சத்துக்கு வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்சத்துக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ஐம்பத்து மூவாயிரம் வரி வித்தியாசம். சன்ரூஃப், இரட்டை வண்ணம் என்று சேர்த்து 10 லட்சக் கோட்டைத் தாண்டுவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

'ரீமேப்' ஆசை

கணினியின் நிரலை மாற்றி 20, 30 பி.எஸ். கூட்டித் தருகிறோம் என்று கடைகள் அழைக்கும். கூடுவது உண்மைதான். ஆனால் கிளட்சும் பிஸ்டனும் பழைய முறுக்குவிசைக்குச் செய்யப்பட்டவை. உத்தரவாதம் போகும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுக்க இடம் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.

பழைய காராக வாங்கும்போது

ஆர்வலர்கள் தேடி வாங்குவதால் நல்ல நிலையிலுள்ள போலோ ஜிடி-க்கு விலை இறங்குவதே இல்லை. அந்த விலைக்கு ஏற்றபடி சோதனையும் இருக்க வேண்டும்.

1. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்குள் 'சூடு பண்ணி' வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

2. இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே விரல் விட்டால் லேசான ஈரம் இயல்பு. ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீல் போய்க்கொண்டிருக்கலாம்.

3. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரும் வேறு வேறு தேதி, வேறு வேறு கம்பெனி என்றால் பள்ளங்களின் கணக்கு அங்கே எழுதியிருக்கிறது.

4. ஆயில் மாற்றிய ரசீதுகளில் தேதியை மட்டும் பார்க்காமல், என்ன தர ஆயில் என்பதையும் பாருங்கள். ரசீது இல்லாத டர்போவுக்கு ரசீது உள்ள டர்போவின் விலை கொடுக்காதீர்கள்.

5. டிசிடி என்றால் அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, சூடேறியபின் ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஆறிய நிலையில் ஒழுங்காக நடக்கும் தேய்ந்த கிளட்ச் சூட்டில்தான் நடுங்கும். விற்பவர் நெரிசலுக்கு வர மறுத்து, காலியான சாலையிலேயே ஓட்டச் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.